சுரூபத்துக்கு வலிக்கிறதாம்!

இரண்டு மாதத்துக்கு முன்னால், இதே பக்கங்களில் வேறு எதையோ எழுதிக்கொண்டு போகிற போக்கில், லெயோன் ஃபெராரி என்கிற அர்ஜென்டினா தேசத்துக் கலைஞரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன். கிறிஸ்துவை ஒரு யுத்த விமானத்தின் மேல் அறைந்து காட்டிய மனிதர் அவர் என்றும், எனக்கு அவரைப் பிடிக்கும் என்றும் எழுதினேன். அவ்வளவுதான். அதற்காக வந்த கடிதங்களை என் மனைவி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறாள். அந்த டின் இப்போது மூட மாட்டேன் என்கிறது.

கடிதங்களில் பாதி வசவு. வசவுக்குப் பதில் எழுதுகிற வழக்கம் எனக்கில்லை. (வசவு எழுதுகிறவர்களுக்கு மட்டும் கையெழுத்து ஏன் அவ்வளவு அழகாக அமைந்துவிடுகிறதோ, தெரியவில்லை.) மீதிப் பாதியில் முக்கால்வாசி, 'உம்முடைய சாமியை இப்படிச் செய்தால் நீர் சும்மா இருப்பீரா?' என்று கேட்டிருந்தன. அதற்குப் பின்னால் வருகிறேன். ஒரே ஒருவர் மட்டும் கடிதம் எழுதாமல் நேரே வந்துவிட்டார்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் அவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கத்தோலிக்கர். காலைப் பூசை கண்டுவிட்டுத் திரும்புகிற வழியில் எங்கள் வீட்டில் ஒரு வாய் காப்பி சாப்பிடுவது பல வருஷத்துப் பழக்கம். என்னைவிட இருபது வயது மூத்தவர்; 'தம்பி' என்று கூப்பிடுவார். நான் 'சார்' என்பேன். அன்றைக்கு அவர் காப்பியைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் மேஜை மேல் விரித்தார். அந்த விமானத்தின் படம். யாரிடமோ சொல்லி அச்செடுத்து வாங்கி வந்திருக்கிறார்.

"தம்பி, எங்கம்மா சாகும்போது அவங்க கையில இருந்தது பாடுபட்ட சுரூபம். அதை முத்தி செஞ்சுட்டுத்தான் கண்ணை மூடினாங்க. அந்தச் சுரூபத்தைத்தான் இவன் குண்டு போடற ஏரோப்ளேன்ல அறைஞ்சு வச்சிருக்கான். உங்களுக்கு இது பிடிச்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க. ஏன் பிடிச்சிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நான் போயிடறேன்."

இது நியாயமான கேள்வி. பிஸ்கட் டின்னில் இருக்கிற அத்தனை கடிதங்களையும்விட நியாயமானது. அன்றைக்கு நான் என்னவோ உளறினேன். இப்போது நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் புவனஸ் அயர்ஸுக்குப் போனவன் அல்லன். ஃபெராரியின் சிருஷ்டிகளைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். அந்த விமானம் சுமார் 2 மீட்டர் உயரம். அமெரிக்க யுத்த விமானத்தின் மாதிரி. மூக்கைக் கீழே குத்தி, தலைகுப்புற விழுகிற தோரணையில் செங்குத்தாக நிற்கிறது. இறக்கைகளில் அமெரிக்கப் படையின் நக்ஷத்திர முத்திரை; இறக்கைகளுக்கு அடியில் குண்டுகள். அதன்மேல், இரண்டு இறக்கைகளிலும் கைகளை விரித்தபடி, கிறிஸ்து. இந்தக் கிறிஸ்து ஃபெராரி செதுக்கியவர் அல்லர். பூசைச் சாமான்கள் விற்கிற கடையில் காசு கொடுத்து வாங்கி வந்த சுரூபம். கடைச் சரக்கையும் கண்ட சாமானையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்தி, அந்தப் பொருத்தத்தாலேயே பேச வைக்கிற கலை இது. செய்த வருஷம் 1965. அந்த வருஷம் மார்ச்சில்தான் வட வியட்நாமின் மேல் அமெரிக்க விமானங்கள் நாள் தவறாமல் குண்டு பொழியத் தொடங்கின. 'மேற்கத்திய, கிறிஸ்தவ நாகரிகம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்.

புவனஸ் அயர்ஸில் டி தெல்லா நிலையம் என்று புதுமைக் கலைக்குப் பேர்போன ஒரு இடம் இருந்தது. அங்கே நடந்த பரிசுப் போட்டிக்கு இதை அனுப்பினார். நிலையத்தின் இயக்குநர் ரொமேரோ பிரெஸ்ட், புதுமைக்காகவே உயிரை விடுகிறவர் என்று பெயர் வாங்கியவர். அவர் பார்த்தார்; பயந்தார்; மத உணர்ச்சி புண்படும், இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஃபெராரி எடுத்துக்கொண்டார், மற்றச் சிறிய வேலைகளை மட்டும் வைத்தார். புதுமையாளர்களின் தைரியத்துக்கு உலகமெங்கும் அளவு இவ்வளவுதான் போலிருக்கிறது.

சாரிடம் நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது இதுதான்: அந்தக் கிறிஸ்துவை அந்த விமானத்தில் அறைந்தது யார்? குண்டு போடுகிறவன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறான். அவன் விமானம் கிளம்புமுன் படைக்குருவானவர் ஜெபம் செய்கிறார். அவனை அனுப்புகிற மந்திரிகள், கிறிஸ்தவ நாகரிகத்தைக் காப்பாற்றுவதற்காகவே அனுப்புகிறோம் என்கிறார்கள். கிறிஸ்துவை அந்த இறக்கையில் ஏற்றியவர்கள் இவர்கள். ஃபெராரி ஆணிகளை வெளியே தெரியும்படி காட்டினார். உங்கள் தாயார் முத்தமிட்ட சுரூபத்தைக் குண்டு வீசுகிறவன் தன் வண்டிக்கு முகப்பாக வைத்துக்கொண்டபோது நமக்கு வராத கோபம், அதைச் சுட்டிக்காட்டியவன் மேல் வருகிறதே, அது எப்படி?

இந்த மனிதரின் தகப்பனார் யார் என்று தெரிந்தால் சார் இன்னும் ஆச்சரியப்படுவார். அகஸ்தோ ஃபெராரி; இத்தாலியிலிருந்து வந்த ஓவியர்; தேவாலயங்களுக்குச் சுவர்ச் சித்திரம் எழுதியவர்; தேவாலயங்களையே கட்டியவர். கோர்தோபா நகரத்தில் கப்பூச்சின் சபையாரின் பெரிய கோயில் அவர் கட்டியது. 1920ல் பிறந்த மகன் இஞ்சினீயருக்குப் படித்தார். ஆக, சம்மனசுகளுக்கும் அர்ச்சியசிஷ்டவர்களுக்கும் வர்ணம் குழைக்கிற வாசனையிலேயே வளர்ந்த பிள்ளை. வெளியிலிருந்து கல்லெறிய வந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

இனி அந்தச் சுரூபங்களைப் பற்றிக் கொஞ்சம். கடையில் விற்கிற சுரூபத்தைத் தொட்டால் தேவதூஷணம் என்கிறார்களே, அந்தச் சுரூபம் எங்கிருந்து வந்தது? போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், பாரிஸ் நகரத்தில் ஸான் சுல்பீஸ் கோயிலைச் சுற்றி வரிசை வரிசையாகக் கடைகள் இருந்தன. அச்சில் வார்த்து, ரோஜா நிறமும் நீல நிறமும் பூசி, மாதாக்களையும் சூசையப்பர்களையும் டஜன் கணக்கில் செய்து கப்பலேற்றினார்கள். அந்த அசட்டு அழகுக்கு அந்தக் கோயிலின் பெயரையே வைத்து பிரெஞ்சுக்காரர்கள் கேலி பேசுவார்கள். நம் ஊர்ப் பழைய கோயில்களில் இருக்கிற சுரூபங்கள் பலவற்றின் முகத்திலும் அந்தச் சாயலைப் பார்க்கலாம்.

அர்ஜென்டினாவின் காவல் தெய்வமான லூஹான் மாதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1630ல் பிரேஸிலிலிருந்து மாட்டு வண்டியில் வந்த சின்னஞ்சிறு சுட்ட மண் பொம்மை அது. உயரம் 38 சென்டிமீட்டர்தான். லூஹான் ஆற்றங்கரையில் வண்டி நகர மறுத்தது, மாதா அங்கேயே தங்கிவிட்டாள் என்பது ஐதீகம். அழகான ஐதீகம், நம் ஊரிலும் எத்தனையோ அம்மன்கள் இப்படித்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்த மண் பொம்மை மண்ணாகவேவா இருந்தது? வெள்ளிக் கவசம் போட்டார்கள், நீலமும் வெள்ளையுமாக அங்கி உடுத்தினார்கள், கிரீடம் வைத்தார்கள், பிறகு பிளாஸ்டரில் வார்த்தார்கள், பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள், பஸ்ஸிலும் காரிலும் ஒட்ட வைத்தார்கள். ஒவ்வொரு தலைமுறையும் அவளைத் தன் கைக்கு வந்தபடி மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு பைசா லாபத்துக்காக அச்சில் வார்த்தவனைத் தேவதூஷணம் செய்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு எண்ணத்துக்காக இடம் மாற்றி வைத்தவனைச் சொல்கிறார்கள்.

வாணலி விஷயம்தான் சாருக்கு விமானத்தைவிடக் கசக்கிறது. சொல்லிவிடுகிறேன். 2000த்தில் புவனஸ் அயர்ஸில் ஃபெராரி ஒரு கண்காட்சி வைத்தார். விஷயம், நரகம். கடையில் வாங்கிய சின்னச் சின்ன அர்ச்சியசிஷ்டவர்களை எடுத்து வாணலியில் போட்டார். ரொட்டி வாட்டுகிற டோஸ்டரில் சொருகினார். மிக்ஸி ஜாடிக்குள் நிறுத்தினார். வெளியே ஜனங்கள் கூடி ஜெபமாலை சொன்னார்கள். பரிகாசம்தான், குரூரமான பரிகாசம்தான். நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்த வாணலி முதலில் யாருடையது?

எனக்கு ஏழு வயதிருக்கும். எங்கள் ஊர்த் திருவிழாக் கடையில் நரக லோகத்துப் படம் ஒன்று தொங்கும். கும்பீபாகம். கொப்பரையில் எண்ணெய் கொதிக்கிறது, உள்ளே மனிதர்கள், கிங்கரர்கள் கரண்டியால் புரட்டிப் போடுகிறார்கள். கீழே இன்ன பாவத்துக்கு இன்ன தண்டனை என்று எழுதியிருக்கும். வீட்டில் வெல்லம் திருடித் தின்றிருந்தேன். வெல்லத்துக்கு எந்தக் கொப்பரை என்று அந்தப் படத்தில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, அன்றிரவு ஜுரம் வந்து படுத்தேன். பாட்டி விபூதி பூசினாள். படத்தைக் கிழிக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

சாரிடம் கேட்டேன், உங்கள் ஞானோபதேச வகுப்பில் இப்படி ஏதாவது உண்டா என்று. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாவியின் மரணம்னு ஒரு படம் உண்டு தம்பி. கட்டிலைச் சுத்திப் பசாசுங்க நிக்கும்" என்றார். எத்தனை வயதில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "எட்டு இருக்கும்" என்றார். அந்தப் பசாசுகளின் நிறம் என்ன என்று நான் கேட்குமுன் அவரே சொன்னார். அறுபது வருஷமாக மறக்கவில்லை.

ஃபெராரி சொன்னது இதைத்தான். எங்கள் சதைக்கு நீங்கள் நித்திய காலத்துக்கும் வாக்களித்திருக்கிற வாணலியில், உங்கள் பிளாஸ்டர் பொம்மையை நான் ஐந்து நிமிஷம் வைத்துக் காட்டினேன். பொம்மைக்கு வலிக்கிறது என்று பதறுகிறீர்களே! மோட்சத்தில் இருக்கிற பாக்கியவான்கள் நரகத்தில் வேகிறவர்களை அங்கிருந்து பார்க்கலாம், அதனால் அவர்களுடைய ஆனந்தம் பெருகும் என்று அக்குவினாஸ் தோமையாரின் பெரிய சாஸ்திர நூல் தர்க்கபூர்வமாக நிரூபிக்கிறது. அதைப் படித்தவர்கள் யாரும் ஜெபமாலை ஏந்தித் தெருவுக்கு வரவில்லை.

ரோமாபுரியில் பாப்பரசரின் சிஸ்டைன் கோயில் சுவரில் மைக்கேல் ஆஞ்சலோ 1536 முதல் 1541 வரை எழுதிய பொதுத்தீர்வைச் சித்திரம் இருக்கிறது. அது முடிகிற சமயத்திலேயே பாப்பரசரின் சடங்கு அதிகாரி பியாஜோ என்பவர் பார்த்து, இவ்வளவு அம்மணமா, இது குளியலறைக்கு லாயக்கு என்றாராம். மைக்கேல் ஆஞ்சலோ சும்மா இருக்கவில்லை. நரகத்து நீதிபதிக்கு அந்த அதிகாரியின் முகத்தையே வைத்து, கழுதைக் காதையும் வைத்து, உடம்பில் பாம்பையும் சுற்றிவிட்டார். பாப்பரசரின் சொந்தக் கோயிலுக்குள்ளேயே, அவருடைய சொந்த உத்தியோகஸ்தரைக் கேலி செய்கிற சித்திரம் இன்றைக்கும் இருக்கிறது. அதைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அது போகட்டும். பிறகு என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். 1564ல் அம்மணத்தை மறைக்கத் தீர்மானம் ஆயிற்று. டானியேலே என்கிற ஓவியர் அடுத்த வருஷம் சாரம் கட்டி ஏறி, இடுப்பு இடுப்பாகத் துணி எழுதினார். பாவம், அவருக்கு 'கோவணம் கட்டுகிறவர்' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். அந்தச் சுவரில் மனிதர்களைப் பசாசுகள் இழுக்கின்றன, அடிக்கின்றன, நெருப்புக்குள் தள்ளுகின்றன. அதில் கண்ணை உறுத்தியது நிர்வாணம். அம்மணத்துக்குத் துணி கட்டினார்கள். சித்திரவதைக்கு ஒருவரும் துணி கட்டவில்லை.

ஃபெராரி 1980களில் அந்தச் சித்திரத்தின் அச்சுப் பிரதியைக் கீழே வைத்து, மேலே ஒரு கூண்டில் புறாக்களை வளர்த்தார். புறாக்கள் தங்கள் அபிப்பிராயத்தைத் தங்கள் வழியில் வெளியிட்டன. இது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எனக்கு அந்தச் சித்திரத்தின் மேல் மரியாதை உண்டு. எச்சத்தை விமர்சனமாக ஏற்க என் வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. ஃபெராரியைப் பிடிக்கும் என்றால் அவர் செய்த எல்லாம் பிடிக்க வேண்டும் என்று இல்லையே.

2004 நவம்பர் கடைசியில், ரெக்கோலெட்டா கலாசார மையத்தில் அவருடைய ஐம்பது வருஷத்து வேலைகளையும் சேர்த்துப் பெரிய கண்காட்சி திறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 84. டிசம்பர் 1ந் தேதி அந்நகரத்தின் மேற்றிராணியாரான கர்தினால் பெர்கோலியோ ஒரு நிருபம் எழுதினார்: இது தேவதூஷணம், கிறிஸ்தவ ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கிற இடத்தில் இது நடக்கலாமா, பரிகாரமாக 7ந் தேதி உபவாசமும் ஜெபமும் செய்யுங்கள். உபவாசம் இருந்தவர்கள் இருந்தார்கள். வேறு சிலர் உள்ளே புகுந்து சில படைப்புகளை உடைத்தார்கள். வழக்கு வந்தது. ஒரு நீதிபதி மூடச் சொன்னார். மேல் கோர்ட்டு திறக்கச் சொல்லிற்று. ஜனவரியில் மறுபடி திறந்தபோது பல்லாயிரம் பேர் வந்து பார்த்தார்கள்.

கர்தினாலை நான் குறை சொல்லப் போவதில்லை. ஒரு மேய்ப்பர் தம் மந்தையின் மனம் நொந்தால் பேசத்தான் வேண்டும்; அடிக்கச் சொல்லவில்லை, பட்டினி கிடக்கத்தான் சொன்னார். நான் கேட்பது வேறு. அந்த ஊரில், அந்த ஜனங்களுக்குள், அதற்கு முன்னால் நடந்தது என்ன?

1976 மார்ச்சில் அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மேற்கத்திய, கிறிஸ்தவ நாகரிகத்தைக் காக்கவே வந்தோம் என்றார்கள் தளபதிகள். பதினோரு வருஷத்துக்கு முன் ஃபெராரி பரிகாசமாக வைத்த தலைப்பை இவர்கள் வரி பிசகாமல் கொள்கையாகவே எடுத்துக்கொண்டார்கள்! ஃபெராரி அந்த வருஷமே குடும்பத்தோடு பிரேஸிலுக்கு ஓடினார். ஒரு மகன் மட்டும் வர மறுத்து ஊரில் தங்கினான். 1977ல் அவனைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை. ராணுவ ஆட்சி முடிந்தபின் அமைத்த விசாரணைக் குழு, காணாமற் போனவர்கள் என்று பெயரோடு எழுதிய கணக்கே சுமார் 9,000. மனித உரிமைச் சங்கத்தார் சொல்கிற கணக்கு 30,000.

எப்படிக் காணாமற் போனார்கள்? 1995ல் ஸிலிங்கோ என்கிற கடற்படை அதிகாரி வாய் திறந்தார். மயக்க ஊசி போட்டு, உடைகளைக் களைந்து, விமானத்தில் ஏற்றிக் கடலுக்கு மேலே கொண்டுபோய், உயிரோடு தள்ளினோம் என்றார். விமானத்தில்! திரும்பி வந்த அதிகாரிகளுக்கு மனசு சரியில்லை. படைக்குருக்கள் தேற்றினார்களாம், கோதுமையிலிருந்து களையைப் பிரிப்பது வேதாகமத்திலேயே இருக்கிறது என்றார்களாம். இதையும் ஸிலிங்கோதான் சொன்னார்.

நான் கதை எழுதுகிறவன். ஒரு தகப்பன் 1965ல் விமானத்தில் ஒரு பிள்ளையை அறைந்து வைக்கிறான்; பன்னிரண்டு வருஷம் கழித்து அவன் பிள்ளையையே ஆட்கள் வந்து கொண்டுபோகிறார்கள்; அந்த நாட்டில் விமானங்களிலிருந்து மனிதர்களைக் கடலில் எறிகிறார்கள். நான் இப்படி ஒரு கதை எழுதினால் என் பத்திரிகாசிரியர், ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது, நம்ப மாட்டார்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

அந்த வருஷங்களில் அர்ஜென்டினாவின் மேற்றிராணிமார்கள் எத்தனை நாள் உபவாசம் அறிவித்தார்கள்? எத்தனை நிருபங்களில் தேவதூஷணம் என்ற வார்த்தையை எழுதினார்கள்? மனிதன் தேவ சாயலில் உண்டானவன் என்பது அவர்களுடைய சாஸ்திரம்தானே? அப்படியானால், மயக்க ஊசி போட்டுக் கடலில் எறிந்தது யாருடைய சாயலை? 2007ல் வெனிஸ் நகரத்துக் கலை விழாவில் அந்த விமானக் கிறிஸ்துவை வைத்து ஃபெராரிக்குத் தங்கச் சிங்கம் என்கிற பரிசு கொடுத்தார்கள். அதே 2007 அக்டோபரில், போலீஸ் குருவாக இருந்த கிறிஸ்டியன் ஃபான் வெர்னிக் என்கிற பாதிரியாருக்கு, 7 கொலைகளிலும் 42 ஆட்கடத்தல்களிலும் பல சித்திரவதைகளிலும் பங்கு உண்டு என்று கோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது. அவர் கழுத்திலும் ஒரு பாடுபட்ட சுரூபம் இருந்திருக்கும்தானே! அதை யார் நிந்தித்தது?

இந்த இடத்தில் சார் குறுக்கிட்டார். அவர் சும்மா வரவில்லை, படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். "எங்க சபையிலயும் செத்தாங்க தம்பி. அதையும் எழுதணும்" என்றார். எழுதுகிறேன். 1976 ஆகஸ்டில் மேற்றிராணியார் ஆஞ்செலெல்லியைக் கொன்று, அதை மோட்டார் விபத்து என்றார்கள். 1977 டிசம்பரில், காணாமற் போன பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார்களோடு சேர்ந்து நின்றதற்காக, ஆலிஸ் டோமோன், லெயோனி டுகே என்ற இரண்டு பிரெஞ்சுக் கன்னியரைப் பிடித்தார்கள். சித்திரவதை செய்தார்கள். விமானத்தில் ஏற்றினார்கள். கடல் சிலரின் உடல்களைக் கரையில் ஒதுக்கிற்று, பெயரில்லாமல் புதைத்தார்கள். லெயோனி டுகேயின் எலும்புகளை 2005ல்தான் அடையாளம் கண்டார்கள். அந்த விமானத்தையே தேடிக் கண்டுபிடித்து 2023ல் அமெரிக்காவிலிருந்து திருப்பிக் கொண்டுவந்து, சித்திரவதைக் கூடமாக இருந்த கடற்படைப் பள்ளியில், இப்போது மியூசியமாகிவிட்ட அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஃபெராரியிடம் எனக்கு உள்ள குறை இங்கேதான். அவர் தளபதிகளின் பக்கத்தில் நிற்கிற மேற்றிராணிமார்களைக் கத்தரித்துக் கத்தரித்து ஒட்டினார். 1995ல் அந்த விசாரணைக் குழுவின் அறிக்கையை ஒரு பத்திரிகை பகுதி பகுதியாக வெளியிட்டபோது, அதற்கு அவர் செய்த ஒட்டுப் படங்கள் பார்த்தவர் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் டோஸ்டருக்குள் ஒரு அர்ச்சியசிஷ்டவரைச் சொருகுகிறபோது அவர் ஒன்றை மறந்துவிடுகிறார். அந்தப் பொம்மை வெர்னிக்கின் வீட்டிலிருந்து வந்ததில்லை. அது ஏழைப் பெண்பிள்ளை ஒருத்தி சமையலறை மாடத்தில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிற பொம்மை. அடி அதிகாரத்தின் மேல் விழ வேண்டும் என்று ஓங்குகிறார். பாதி அடி அந்த மாடத்தில் விழுகிறது. விமானத்தில் அந்தப் பிசகு இல்லை. அங்கே கிறிஸ்து கேலிக்கு ஆளாகவில்லை. அடிபடுகிறவர்களின் பக்கத்தில் இருக்கிறார். டோஸ்டர் ஒன்று என்றால் புரிகிறது. வரிசையாகப் பத்து வைத்தால் கலைஞன் தன் யுக்தியை ரஸிக்க ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம்.

'உம்முடைய சாமியைச் செய்தால்?' என்று கேட்டவர்களுக்கு இப்போது வருகிறேன். செய்திருக்கிறார்கள், ஐயா! அதே அர்ஜென்டினாவில் 2014ல் இரண்டு கலைஞர்கள் பார்பி பொம்மைகளை எடுத்து மாதாவாக உடுத்தினார்கள்; கென் பொம்மையைச் சிலுவையில் அறைந்தார்கள்; கையோடு கையாக ஒரு பார்பியைக் காளியாகவும் ஆக்கினார்கள். கிறிஸ்தவர்களும் ஆக்ஷேபித்தார்கள், ஹிந்துக்களும் ஆக்ஷேபித்தார்கள். நான் படத்தைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, சலிப்பு வந்தது. பளபளவென்ற டப்பா, பளபளவென்ற பொம்மை. நாங்கள் யாரையும் நிந்திக்க வரவில்லை என்று அவர்களே சொன்னார்கள். நிந்திக்கவும் வரவில்லை, வந்திக்கவும் வரவில்லை என்றால் எதற்கு வந்தீர்கள்? காளிக்குப் பிளாஸ்டிக் இடுப்புக் கொடுத்தால் அவளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. நம் காலண்டர்க்காரர்கள் கொடுக்காத இடுப்பா! இந்த ரகப் பரிகாசத்தில் செய்கிறவனுக்கு நஷ்டம் ஒன்றும் கிடையாது. யாரையும் அது தூங்கவிடாமல் செய்யாது. பார்பியை ஒருவரும் தடுக்க வேண்டாம். அதற்காகக் கொடி பிடிக்க என்னைக் கூப்பிடவும் வேண்டாம்.

கடைச் சரக்கைக் கொண்டு செய்தாலே கலை மலிந்துபோகும் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கன்னியாஸ்திரீயைக் காட்டுகிறேன். கொரீட்டா கென்ட். 1936ல் சபையில் சேர்ந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் தம் சபையாரின் கல்லூரியில் ஓவியம் சொல்லிக் கொடுத்தவர். 1962ல் வார்ஹோல் எழுதிய சூப் டப்பாக்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ரொட்டி உறையில் இருக்கிற எழுத்தையும் பெட்ரோல் பங்க் விளம்பரத்தையும் எடுத்து, கல்யாணப் பத்திரிகை போடுகிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஜெபங்களாக்கினார். 1964ல் தேவமாதாவை, தக்காளிகளிலெல்லாம் சாறு மிகுந்த தக்காளி என்று அச்சடித்தார்! தக்காளி டப்பா விளம்பரத்தின் பாஷையில், பழுத்த அன்பு என்று சொல்ல வந்தார். மாசற்ற பக்தை. அவர் மேலும்தான் கர்தினால் மக்கின்டயர் சீறினார். 1968ல் கொரீட்டா சபையை விட்டே வெளியேறினார். ஆக, நாஸ்திகன் பரிகாசமாகச் செய்தாலும் கோபம். பக்தை அன்பாகச் செய்தாலும் கோபம். இவர்கள் காப்பாற்றுவது மாதாவையா, மாதாவின் மேல் தங்களுக்கு உள்ள பாத்தியதையையா?

கடைசியாக ஒரு விஷயம். 1997 கிறிஸ்துமஸுக்கு முதல்நாள், ஃபெராரியும் நண்பர்களும் ஒரு சங்கத்தின் பேரால் பாப்பரசர் இரண்டாம் ஜான் பாலுக்கு ஒரு மனு எழுதினார்கள். சங்கத்தின் பெயரே ஒரு வரிசை: பதிதர், மதத்தைத் துறந்தவர், தேவதூஷணிகள், நாஸ்திகர், அஞ்ஞானிகள் என்று போகும். மனுவின் விஷயம்: பொதுத்தீர்வையை ரத்துச் செய்ய வேண்டும். பதில் வந்ததாக நான் படிக்கவில்லை. 1999 ஜூலையில் அதே பாப்பரசர், நரகம் என்பது ஒரு இடம் அல்ல, தேவனை விட்டுப் பிரிந்த ஒரு நிலை என்று விளக்கினார். கொப்பரையை மெல்லக் கீழே இறக்கிவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். நிருபம் எழுதிய கர்தினால் பெர்கோலியோ 2013 மார்ச்சில் பாப்பரசர் பிரான்சிஸ் ஆனார். ஃபெராரி அதே வருஷம் ஜூலையில், தம் 92வது வயதில் செத்துப்போனார். 2024 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் டெலிவிஷனில் பேசும்போது, நரகம் காலியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளவே எனக்குப் பிரியம் என்றார்; இது சபையின் போதனை அல்ல, என் சொந்த எண்ணம் என்றும் சொன்னார். 2025 ஏப்ரலில் அவரும் போய்விட்டார். ஃபெராரியின் வாணலியைப் பார்த்துத்தான் அவர் இப்படிச் சொன்னார் என்று நான் கயிறு திரிக்கவில்லை. அந்த வாக்கியத்தைக் கேட்டபோது அந்த வாணலி என் ஞாபகத்துக்கு வந்தது, அவ்வளவே.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் சாரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தார். சிவப்புப் பென்சிலால் நாலு இடத்தில் ஒற்று மிகுத்துக் கொடுத்திருந்தார். லெயோனி டுகேயின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை போட்டிருந்தார்.

"விமானத்தை ஒத்துக்கறேன் தம்பி" என்றார். "வாணலியை ஒத்துக்க மாட்டேன்."

நான் மறுபடி ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். பதில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் இதே பக்கங்களில், ஒரு வரி குறைக்காமல் போடச் சொல்கிறேன்.